இரண்டாவது பந்து

பந்து கங்காவின் கைக்கு வந்துவிட்டது.

நினைத்ததைவிடக் கனம். பதினொரு வருஷத்துக்குப் பிறகு தொடுகிறாள்.

எதிரே வளையம். சுற்றிலும் கல்லூரிப் பெண்கள், பழைய மாணவிகள், அவர்களுடைய குழந்தைகள். மதிலுக்கு அப்பால் கொச்சங்காடிக் கிடங்குகளிலிருந்து சுக்கு வாடை. எல்லோரும் அவள் எறிவதற்காகக் காத்திருந்தார்கள்.

கல்லூரியின் வெள்ளி விழா மலரில் கூடைப்பந்து அணியின் வரலாற்றை எழுதியவள் மீனாக்ஷி. புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர். சற்றுமுன் ஒலிபெருக்கியில் அதை வாசித்து முடித்திருந்தாள்.

1971இல் ஒன்பது பெண்கள். ஒரே ஒரு கம்பம். தோப்பும்படியில் படகுகளுக்கு இரும்பு வேலை செய்கிறவர் வளைத்துக் கொடுத்த வளையம், முழு வட்டம்கூட இல்லை. முதல் மூன்று வருஷம் ஆடியதெல்லாம் தோல்வி. தோற்ற கையோடு இக்கரைக்கு வரும் கடைசிப் படகைப் பிடிக்க ஓடுவார்கள் என்பதால், எர்ணாகுளத்துப் பெண்கள் இவர்களுக்குப் ‘படகுக்காரிகள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

1975இல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு புள்ளி பின்னால். மணி அடிக்கப் போகும் நேரத்தில் கங்காவுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, விழுந்தால் தலைக்கு ஒரு புள்ளி. இரண்டையும் இடது கையால் போட்டாள். கோப்பை கிடைத்தது.

‘இரண்டாவது பந்தை எறிந்தவள் வளையத்தைப் பார்க்கவே இல்லை. திரும்பி பெஞ்சைப் பார்த்தாள். அத்தனை நிச்சயம் அவளுக்கு’ என்று மீனாக்ஷி எழுதியிருந்தாள்.

அதற்குப் பிறகு கல்லூரி எந்தக் கோப்பையும் ஜெயிக்கவில்லை. ஐந்து வருஷத்தில் ஆள் சேராமல் அணியே கலைந்துபோனது.

மலரில் பத்திரிகைக்காரர் எடுத்த படமும் இருந்தது. தூக்கிய இடது கை முகத்தில் பாதியை மறைத்திருந்தது.

காலையில் வருகைப் பதிவேட்டில் கங்கா வலது கையால் கையெழுத்துப் போட்டபோது மீனாக்ஷி ஆச்சரியப்பட்டாள். அந்தக் காலத்தில் வீட்டில் இடது கையால் எழுத விடமாட்டார்கள் என்று தானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

கங்கா இங்கே எறிவதற்காக வரவில்லை. ஒரு பெயருக்காக வந்தாள்.

தங்கை நீலாம்பாள் மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. சுள்ளிக்கல் வீட்டில் இப்போது கங்கா மட்டும்தான். அணியின் ஆட்டம் எங்கே நடந்தாலும் துண்டும் எலுமிச்சைத் தண்ணீருமாக வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் நீலா. கோப்பை வென்றவர்களுக்காகப் புதிதாக மாட்டப்போகும் பெயர்ப்பலகையில், கடைசியிலாவது, அவள் பெயரையும் சேர்க்க முடியுமா என்று கங்கா கேட்டாள்.

“கோர்ட்டில இறங்கிக் களிச்சவா பேர் மட்டும் போறும்னு பிரின்ஸிபல் சொல்லிட்டா, சேச்சி. பார்த்துண்டிருந்தவா பேரெல்லாம் எழுதினா இந்தச் சுவரே போறாதே,” என்று மீனாக்ஷி சிரித்தாள்.

கங்காவும் சிரித்துவைத்தாள்.

இப்போது கோட்டின் முன்னால் நின்று பந்தை இரண்டு முறை தட்டினாள். இடது கையில் ஏந்தினாள். எறிந்தாள்.

பந்து வலையைக்கூடத் தொடவில்லை. மதிலில் மோதித் திரும்பியது.

ஒரு குழந்தை சிரித்தது. பெரியவர்கள் அன்பாகக் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்றார்கள்.

பந்தை எடுத்து வந்தவள் சீதாலக்ஷ்மி. அன்றைய காப்டன், விழாவுக்காகப் பம்பாயிலிருந்து வந்திருந்தாள். முகத்தின் சிரிப்பு மாறாமல், கங்காவுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“நீலாவோட கையால எறிஞ்சது போறும்டி. உன் கையால ஒண்ணு எறி.”

அந்த இறுதி ஆட்டத்தன்று பெஞ்சில் துண்டோடு உட்கார்ந்திருந்தது கங்கா. இரண்டு நாள் முன்பு கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. அந்த வருஷம் அணியில் ஐந்தே பேர், மாற்று ஆள் கிடையாது. ஒரு பெண் காலேஜ் போனால் போதும் என்று பத்தாம் வகுப்போடு அப்பா நிறுத்திவிட்ட நீலா, அக்காவின் அடையாள அட்டையோடு, அக்காவின் பெயரில் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒற்றைக் கம்பத்தில் அக்காவுக்குத் துணையாக எறிந்து எறிந்து, அக்காவைத் தாண்டிப் போன இடது கைக்காரி. கூட வந்த டீச்சர் கண்டும் காணாமல் இருந்துவிட்டார். அவரும் இப்போது இல்லை.

திரும்பும் படகில் ஆறு பேரும் கோப்பையின் மேல் கை வைத்து, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார்கள். வெளியாள் ஆடியது தெரிந்தால் கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சத்தியத்தை முதலில் சொல்லித் தந்ததே நீலாதான். கண் மஞ்சளித்துக் கிடந்த நாட்களிலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரின்ஸிபல் அறையில் கோப்பை இருக்கிறது. பலகையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. மேலிருந்து இரண்டாவது பெயர் கங்கா.

மைக் பக்கத்திலேயே இருந்தது. ஒரு வாக்கியம் போதும்.

சீதாலக்ஷ்மி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஆறு பேரின் கைகளும் இருந்தன.

கங்கா பந்தை வாங்கிக்கொண்டாள். வலது கைக்குக் கொண்டுபோகவில்லை.

“ஃப்ரீ த்ரோ ரெண்டாக்கும்,” என்றாள்.

மறுபடியும் இரண்டு தட்டு. மறுபடியும் இடது கை.

பந்து விரல்களை விட்டதும் அவள் திரும்பிவிட்டாள். முதுகுக்குப் பின்னால் கூச்சல் எழுந்தது. விழுந்ததற்கா, விழாததற்கா, தெரியவில்லை.

கங்கா பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் ஓரத்தில் யாரோ நாலைந்து கைப்பைகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.