கூண்டுக்குள் போகும் கை

கொசுவை விரட்டும் நொச்சிச் சாறு, திருமாறனும் மேகலாவும் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சி. சாறு வடித்துப் பூசிவிடுவது அவன். அந்தச் சாற்றோடு ஆய்வகத்தின் கொசுக்கூண்டுக்குள் போவது அவள் கை. வேறு வாசனை குறுக்கே வரக் கூடாது என்று அவன் சொன்னதால் நான்கு மாதமாக அவள் வாசனை சோப்புப் போடவில்லை, மல்லிகை வைக்கவில்லை. தங்கை கல்யாணத்துக்கும் பூவில்லாத தலையோடுதான் போய் நின்றாள். எப்போதும் சாறு பூசிய பத்தே நிமிடத்தில் கொசு வந்து உட்கார்ந்துவிடும். இன்று ஒரு மணி நேரமாகியும் ஒன்றுகூட அண்டவில்லை.

"பாத்தியா? நாளைக்கே காய்ச்சல் வார்டுப் பிள்ளைங்களுக்குப் பூசச் சொல்லிரலாம்," என்றான் திருமாறன்.

அவளுக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். நான்கு மாதம் எந்த வாசனையும் காட்டாமல் வைத்திருந்த மூக்கு அது. நொச்சியின் காரநெடிக்கு அடியில், கடையில் விற்கும் கொசுக் களிம்பின் வாசம் அடித்தது.

"கலந்தியா?"

"கொஞ்சந்தான். அறிக்கை போகணும்ல."

"பிள்ளைங்களுக்கும் இதுதானா?"

"இல்ல, அவங்களுக்கு வெறும் சாறுதான். களிம்பு இன்னைக்கு மட்டும்."

மேகலா எதுவும் பூசாத மறுகையை முழங்கைவரை கூண்டுக்குள் விட்டாள். வரிக்கால் கொசுக்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின.

"கைய எடு, மேகலா."

"நீ எண்ணு," என்றாள். "இந்தக் கையில நீ எதுவும் பூசல."