விளக்கு யார் கையில்

தலைக்கு மேலே சுண்ணாம்புத் தூண்கள் தலைகீழாகத் தொங்குகின்றன என்றார் அத்தான். ஒன்றின் நுனியிலிருந்து ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்ததாம்.

நான் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன். உட்கார்ந்திருந்தது என்னவோ அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

சனிக்கிழமை மாலையானால் எங்களுக்கு இந்தக் கதை ஆட்டம்தான் பிழைப்பு. அத்தான் கதையைச் சொல்லி நடத்துவார், நாங்கள் அதில் வேஷம் கட்டுவோம். அக்கா வில்லாளி, நான் திருடன், எதிர் வீட்டுப் பல் டாக்டர் அரக்கன். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். விழுந்த எண்ணை உருட்டியவர் படிக்கக் கூடாது, எதிராளிதான் படிக்க வேண்டும். ஒருமுறை நான் கைவரிசையைக் காட்டியதால் வந்த சட்டம்.

இந்தக் குகைக்காகவே அத்தான் போன வாரம் அக்காவையும் கூட்டிக்கொண்டு நிஜக் குகை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. காரணமும் சொல்லவில்லை. மாடியில் குடியிருந்த பாவத்துக்கு நான் தபால்காரன் ஆனேன். உப்பு போதுமா என்பதுகூட என் வழியாகத்தான் போனது.

இன்றோடு ஆட்டத்துக்கு முழுக்கு என்று காலையில் அக்கா சொல்லிவிட்டாள். அவள் போனால் ஆட்டம் மட்டுமா போகும்?

குகை குறுகியது. ஊர்ந்தோம். டாக்டர் நாற்காலியிலேயே தோளைச் சுருக்கிக்கொண்டார். அப்பால் பெரிய கூடம், சுவரெல்லாம் பளிங்குப் பூக்கள் என்று அத்தான் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கினார்.

"விளக்கு யார் கையில இருக்கு?" என்றாள் அக்கா. ஒரு வாரத்தில் அவரிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

அத்தான் கண்ணைத் திறந்தார். வழிகாட்டியின் கையில் என்றார்; கதையில் வழிகாட்டியாக வருவதும் அவர்தான். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டே முன்னால் போய்விட்டான் என்றார். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப வில்லாளி இருட்டுல நிக்கிறா. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வத்திப்போச்சு அவளுக்கு."

டாக்டர் கையிலிருந்த தன் அரக்கன் பொம்மையை மெதுவாகக் கீழே வைத்தார். போன வாரம் அந்த நிஜக் குகையில் டார்ச் ஒன்றுதான், அதுவும் அத்தான் கையில்தான் இருந்திருக்க வேண்டும்.

வழிகாட்டி திரும்பி ஓடி வருகிறான், மன்னிப்புக் கேட்கிறான் என்றார் அத்தான். அவர் எழுதி வைத்திருந்த கதையில் இது இருந்திருக்காது.

அக்கா பகடையை அவர் பக்கம் தள்ளினாள். பதினைந்தைத் தாண்டினால் மன்னிப்பு, இல்லையென்றால் இல்லை என்றாள்.

அத்தான் அதை எடுத்து வீசினார். பகடை உருண்டு அவளுக்கு முன்னால், என் முழங்கையை ஒட்டி நின்றது.

மூன்று.

அக்கா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"இருபது."

டாக்டர் எட்டிப் பார்க்க எழுந்தார். அதற்குள் பகடை என் கைக்குள் போயிருந்தது. நான் திருடன்தானே.