தாய்மாமன் கோபம்

“பத்திரிகையில என் பேரு அஞ்சாவது வரியிலயா? தாய்மாமன் நான்! சாப்பிடாமலே கிளம்புறேன்” என்று துண்டை உதறினார் தியாகேசன்.

தாய்மாமன் பசியோடு போனால் குடும்ப மானமே போய்விடும். மேகலா ஓடி வந்து வழிமறித்தாள்.

“தப்பு எங்க மேலதாங்க மாமா. நீங்க உக்காந்தாதான் பந்தியே. வாங்க.”

நான்காவது முறை கெஞ்சியதும் இலை முன் அமர்ந்தார்.

கல்யாண கான்ட்ராக்டர் குணசேகரன் கைதட்டினார். “கோவிச்சுக்கிட்ட சொந்தக்காரங்களைச் சமாதானம் பண்றதுதான் நம்ம கம்பெனியோட புது சர்வீஸ். இந்தப் பொண்ணு தேறிடுச்சுங்களா?”

“தேறலை” என்றார் பயிற்சியாளர் தியாகேசன். “மாமாவைக் கெஞ்சின பொண்ணு, அத்தை எங்கேன்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா? நிஜக் கல்யாணமா இருந்தா, தன்னைக் கண்டுக்கலைங்கிற கோவத்துல அத்தை என்னை இலையிலேர்ந்து எழுப்பி கும்பகோணம் பஸ்ல ஏத்தியிருப்பா.”