புருவம் பார்த்த புறா

ஆய்வுக்கூடத்துப் புறா செம்பிக்குக் காலையிலிருந்தே இரை இறங்கவில்லை. அதன் கூண்டுக்கும் ஆய்வாளர் தேன்மொழியின் நாற்காலிக்கும் நடுவே கறுப்புத் திரை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். இன்றைக்குச் சோதனை. தவறினால் கூண்டு வேறு புறாவுக்குப் போய்விடும்.

"எதுக்கு இப்படி நடுங்குறே? வட்டத்தைக் கொத்தினா சோளம், முக்கோணத்தைக் கொத்தினா ஒண்ணும் கிடையாது. இதுல நீ ஒரு தடவைகூடத் தப்பினதில்லையே," என்றது பக்கத்துக் கூண்டுப் புறா சாம்பல்.

"வட்டம் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாதுடி," என்றது செம்பி மெல்ல. "படத்தை நான் பார்த்ததே இல்லை. சும்மா அலகை அப்படியும் இப்படியும் கொண்டுபோவேன். சரியான படத்துக்கிட்டே போனதும் தேன்மொழியோட புருவம் லேசா உயரும். உடனே கொத்திடுவேன்."



அப்போது பேராசிரியர் உள்ளே வந்தார். தேன்மொழி எழுந்து நின்றாள். திரை ஓரத்து இடுக்கில் செம்பி ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தது.

"இந்தப் புறா நல்லாவே கத்துக்கிச்சு சார்," என்றாள் தேன்மொழி. பேராசிரியர் முகத்தில் அசைவே இல்லை.

"ஆனா, உறுதியாச் சொல்லிட முடியாது சார்." அவர் நெற்றி சுருங்கியது.

"ஓரளவுக்குக் கத்துக்கிச்சுன்னு சொல்லலாம்." அவர் புருவம் லேசாக உயர்ந்தது.

"ஆமா சார், ஓரளவுக்குத்தான். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."



"பாவம்டி சாம்பல்," என்றது செம்பி. "இவளுக்கு என்னிக்குத் திரை கட்டப்போறாங்களோ."