பாயிண்ட் பிளாங்க்

நாற்பத்திரண்டாம் வருஷம், ஆகஸ்டு மாதம். தெற்குவாசலில் காங்கிரஸ் ஊர்வலத்தைப் போலீஸ் மறித்திருப்பதாகச் சேதி வந்ததிலிருந்து, போலீஸ்காரன் பாதுஷாவின் மனைவி மரியம் பீவி சிம்மக்கல் வீட்டு வாசலிலேயே பிள்ளையோடு நின்றாள்.

எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா சிஹாபுதீன் தெற்குவாசலிலிருந்து ஓடி வந்தார்.

"தங்கச்சி, வெள்ளைக்கார துரை ஒம் புருஷன் பேரைச் சொல்லிக் கத்துனாரு. 'பாயிண்ட் பிளாங்க்'னாரு. அந்தச் சத்தத்துல அம்புட்டுத்தான் காதுல விழுந்துச்சு."

"அப்படின்னா என்னண்ணே?"

"துப்பாக்கிய நெஞ்சுக்குக் கிட்ட வச்சுச் சுடுறது."

தெருப் பிள்ளைகள் பலரும் கொடி பிடித்துக்கொண்டு அங்கேதான் போயிருந்தார்கள்.

பொழுது சாயும்போது பாதுஷா வந்தான். உடம்பில் போலீஸ் உடுப்பு இல்லை. யாரோ கொடுத்த கைலியும் பனியனும்தான். பிள்ளையைத் தூக்கக் கை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"அந்தக் கையால தொடாதீக. யாரைச் சுட்டீக?"

"யாரையும் சுடல மரியம்."

"துரையே சொன்னாராமே, பாயிண்ட் பிளாங்க்குன்னு!"

"அதுவா? சுடச் சொன்னாரு. நம்ம பிள்ளைகளச் சுட முடியாதுன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். பட்டுன்னு அப்படி மறுக்குறதுக்கும் இங்கிலீஷ்ல அதே வார்த்தைதானாம்; அதச் சொல்லித்தான் துரை கத்துனாராம். உடுப்பக் கழட்டி வாங்குறப்ப இன்ஸ்பெக்டர்தான் சொன்னாரு."

மரியம் பிள்ளையை அவன் கையில் கொடுத்தாள்.

"வேலை போச்சு. நாளைக்குப் பிடிச்சு உள்ள போட்டாலும் போடுவாக" என்றான்.

"அது நாளைக்குத்தானே?" என்றாள் மரியம். "இப்ப சோறு திங்க வாங்க."