பாதி வழியில் நிற்காத ஜீப்

"பிள்ளைக ஓட்டுற பேட்டரி ஜீப்புக்கு பி.எம்.எஸ். போர்டு வேணும் தம்பி. பேட்டரி சூடானா தானா கரண்டை நிறுத்தணும்" என்றார் ஜெய்லானி.

கம்பத்தில் பேட்டரி கடை வைத்திருக்கும் விஜய்பாண்டி, இருப்பதிலேயே மலிவான போர்டை எடுத்து வைத்தான்.

"இது பத்தாது. என் மக தினமும் ஓட்டுவா. பாதி வழியில நிக்கக் கூடாது."

"பொம்மை வண்டி நின்னா என்ன பாய்? யாராச்சும் தள்ளிவிடட்டும்."

"அடுத்தவுக தள்ளுறது அவளுக்குப் பிடிக்காது."

"அம்புட்டுப் பிடிவாதமா? ஒரு மிட்டாய் வாங்கிக் குடுங்க, சரியாப் போயிரும்."

"மிட்டாய் வேணாம். நாப்பது ஆம்பியர் போர்டை எடுங்க."

குரல் கவுன்ட்டருக்குக் கீழேயிருந்து வந்தது. விஜய்பாண்டி எட்டிப் பார்த்தான். மூன்றடி உயரத்தில், கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் ஊன்றுகோலைப் பிடித்து நின்றிருந்தாள்.

"நான் ஷர்மின். உத்தமபாளையம் கோர்ட்டுல வக்கீல். வாசல்ல இருந்து உள்ள வரைக்கும் தினமும் யாராச்சும் என்னைத் தூக்கிட்டுப் போனாக. என் அளவுக்கு இந்த ஜீப்புதான் கிடைச்சது. சிரிக்கிறவுக சிரிக்கட்டும். நாளைக்கு நானே ஓட்டிட்டுப் போவேன்."