பெட்டியோடு வந்தது

வெளியூரிலிருந்து திரும்பிய கணவனின் பெட்டியைப் படுக்கையறைக்குள் விடாமல், குளியலறையின் வெள்ளைத் தரையில் திறந்து வைத்திருக்கிறாள் தையல்காரி. மதிய வெளிச்சத்தில் அதன் மடிப்புகளை ஊசியால் விலக்கிக்கொண்டே போகிறாள். ஓரத்தில் மிளகுபோல் உப்பிய மூட்டைப்பூச்சி ஒன்று நகர்கிறது. கட்டைவிரலால் நசுக்குகிறாள். விரல் சிவக்கிறது. "நல்லா கடி வாங்கியிருக்கீங்க." "எங்க? நீயே பாரு." சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கிறான். உடம்பில் ஒரு தடிப்புகூட இல்லை. "அந்த லாட்ஜ் கட்டில்ல நான் படுக்கவே இல்லையே. மெத்தை நடுவுல குழி விழுந்து, யாரோ இப்பதான் எழுந்து போன மாதிரி இருந்துச்சு. நாற்காலியிலயே தூங்கிட்டேன்." குழாயில் தண்ணீர் ஓடுகிறது. "கழுவிடேன்," என்கிறான், குரல் தாழ்ந்து. அவள் விரலை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடியே நிற்கிறாள். முகம் தெரியாத யாரோ ஒருவரின் ரத்தம் இன்னும் ஈரமாக இருக்கிறது.